டில்லியில் ஒரு பிள்ளைத்தமிழ்



பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை அறியாத தமிழர் இரார். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடியது தொடங்கி, தெய்வங்களையும் மன்னர்களையும் அருளாளர்களையும் குழந்தையாகப் பாவித்துப் புலவர்கள் பாடிவந்திருக்கிறார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. ஆண் குழந்தையாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும் இறுதியில் வந்து சேரும். படிக்கும்போது இவையெல்லாம் தேனாகத்தான் இனிக்கின்றன. ஆனால் வீட்டில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை மறுபடி பார்த்தால் வேறொன்று புலப்படும். சிற்றில் என்பது யாது? சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் உதைத்துக் கலைப்பது. சிறுபறை என்பது யாது? கைக்குக் கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் கொட்டி முழக்குவது. சிறுதேர் என்பது வீட்டுக்குள் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு இங்குமங்கும் ஓடுவது. ஆக, வீட்டுப் பொருள்களுக்கும் செவிகளுக்கும் கால்விரல்களுக்கும் நேரக்கூடிய சேதங்களைப் புலவர் பெருமக்கள் வரிசைக்கிரமமாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றே நாங்கள் கருதுகிறோம்.

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய பாட்டு ஒன்று உண்டு. நெய்ச்சோற்றை அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் கண்டு மயங்காதவர்க்கு வாழ்நாளால் பயனில்லை என்பது அவர் கருத்து. மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் பாண்டிய நாட்டின் அரசர் என்பதையும், உண்டு முடித்தபின் தரையைத் துடைக்க அரண்மனையில் ஏவலர் இருந்திருப்பர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

எங்கள் அரண்மனை டில்லி இராமகிருஷ்ணபுரத்தில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில், மூன்றாம் வகை வீடு. இரண்டாம் மாடி. மொட்டைமாடிக்குப் போகும் படி எங்கள் வாசலை ஒட்டிச் செல்வதால் குரங்குகளுக்கும் அதுவே இராஜபாட்டை. குடித்தனக்காரர்கள் நாங்கள் இருவர். மூத்தவன் ஒருவன், ஆறு வயது. இளையவள் ஒருத்தி, மூன்றரை வயது. மன்னார்குடியிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி. எங்களுள் ஒருவருக்கு மொழிபெயர்ப்பு உத்தியோகம். மற்றவருக்குக் கணக்குப் பிரிவில் உத்தியோகம். இருவரும் நாற்பதைக் கடந்தவர்கள். நாற்பதைக் கடந்தபின் மூன்றரை வயதுக் குழந்தைக்கு யானையாக நடிப்பதில் உள்ள இடர்ப்பாடு, யானை குனிவதில் இல்லை; எழுந்திருப்பதில்தான் இருக்கிறது.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணி வரையில் எங்கள் வீட்டில் நடப்பதை ஒழுங்காக வருணிக்க இயலாது. டில்லியின் சனவரி மாதத்தில் வைகறைக் குளிர் ஐந்து பாகைக்குக் கீழேயும் இறங்கும். அந்தக் குளிரில் ஒரு குழந்தையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து, உள்சட்டை, மேல்சட்டை, கம்பளிச் சட்டை, அதன்மேல் பள்ளிக்கூடக் கோட்டு, காலுறை, குல்லாய் ஆகிய யாவும் அணிவித்து முடித்தவுடன், அது ஒரு செய்தியைத் தெரிவிக்கும். அச்செய்தி என்னவென்பதைப் பெற்றோராகிய நேயர்கள் ஊகித்துக்கொள்வீர்கள். எல்லாவற்றையும் கழற்றி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதற்குள் மூத்தவனின் வலக்கால் பூட்ஸ் கிடைத்துவிடும். இடக்கால் பூட்ஸ் கிடைக்காது. ஒருநாள் அது அரிசி டப்பாவில் கிடைத்தது. மற்றொரு நாள் கிடைக்கவே இல்லை. மொட்டைமாடியில் ஒரு குரங்கு அதை வைத்துக்கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்தது.

மத்திய அரசு அலுவலகங்களில் 2014-ஆம் ஆண்டு முதல் வருகைப் பதிவைக் கைரேகையால் எடுக்கும் முறை வந்திருக்கிறது. முன்னாளில் பதிவேட்டில் கையெழுத்திட்டபோது, பிரிவு அலுவலரின் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சமாதானம் சொல்ல இடமிருந்தது. இயந்திரத்துக்குக் குழந்தைகள் இல்லை. அதனிடம் பூட்ஸின் கதையைச் சொல்லிப் பயனில்லை. அன்றியும், விரலில் பருப்புச் சோறு காய்ந்திருந்தால் அது ஆளையே அடையாளம் கண்டுகொள்ள மறுத்துவிடுகிறது.

உணவூட்டும் படலத்துக்கு வருவோம். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்பது, குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது. சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் நிலவை அழைக்கவேண்டும் என்பது மரபு. ‘நீயும் குழந்தையும் ஒப்பானவர்கள்’ என்று முதலில் நயமாகச் சொல்வது. ‘ஆனாலும் நீ குழந்தைக்கு நிகராவாயோ’ என்று வேறுபாடு காட்டுவது. வந்தால் இன்னின்ன நன்மை கிட்டும் என்பது. வாராவிடில் தண்டனை உண்டு என்று மிரட்டுவது. நிலவு ஒருநாளும் வந்ததில்லை. ஆயினும், ஓர் இட்டிலியை ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் செலுத்துவதற்கு இந்நான்கையும் நாங்கள் நாள்தோறும் கையாள்கிறோம். ‘இட்டிலி உன் கன்னத்தைப் போலவே மெத்தென்று இருக்கிறது’ என்பது சாமம். ‘அண்ணனைப் போலவா நீ, நல்ல பெண் அல்லவா’ என்பது பேதம். கைப்பேசியில் படம் காட்டுவது தானம். அதே கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது தண்டம். ஒரே பொருள் தானமாகவும் தண்டமாகவும் விளங்குவது இக்காலத்துப் பெற்றோர் கண்ட புதுமை.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்லவந்ததைச் சொல்லுகிறோம்.

எங்கள் வீட்டில் மூன்று மொழிகள் குடியிருக்கின்றன. பாட்டிக்குத் தமிழ் ஒன்றே தெரியும். பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கு இந்தி ஒன்றே தெரியும். பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. பள்ளிக்கூடத்து மைதானம் இந்தியில் நடக்கிறது. குழந்தைகள் இம்மூன்றையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துக்கொள்வதில்லை. கையில் அகப்பட்டதை எடுத்து வீசுகிறார்கள். ‘தண்ணி கிராயிடுச்சு’ என்று ஓடிவருவாள் இளையவள். ‘கிர்’ என்றால் இந்தியில் விழுதல். அதற்குத் தமிழ் வினைமுற்றை ஒட்டவைத்த அவளுடைய இலக்கணத்தில் எங்களால் ஒரு குறையும் காண முடியவில்லை. தண்ணீர் கொட்டியிருந்தது என்பது மட்டுமே குறை.

காலத்தைப் பற்றிய குழப்பம் இன்னும் விந்தையானது. இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ‘கல்’ என்று ஒரே சொல்தான். முன்தினத்துக்கும் நாளை மறுதினத்துக்கும்கூட ‘பர்ஸோம்’ என்று ஒரே சொல்தான். வினைமுற்றைக் கொண்டு இறந்த காலமா எதிர்காலமா என்று அறிந்துகொள்ள வேண்டும். இதை நன்கு கற்றுக்கொண்ட எங்கள் குழந்தைகள் தமிழுக்கும் அந்தச் சலுகையை வழங்கிவிட்டார்கள். ‘நாளைக்கு நான் கீழே விழுந்தேன்’ என்று முழங்காலைக் காட்டுவாள் இளையவள். காயம் நேற்றையது. ‘நேத்திக்கு எனக்குப் பரீட்சை’ என்று ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மூத்தவன் சொன்னபோது, முடிந்துவிட்டது என்று எண்ணி நாங்கள் நிம்மதியாகப் படுத்துக்கொண்டோம். அதன் விளைவைத் திங்கட்கிழமை கண்டோம்.

நாற்காலிக்கும் மேசைக்கும் இந்தியில் பால் வேறுபாடு உண்டு என்பதை நேயர்கள் அறிவீர்கள். குர்ஸி பெண்பால். ஆகவே ஒருநாள் மூத்தவன் வந்து, ‘அவ கால் உடைஞ்சு போச்சு’ என்று அழுதுகொண்டே சொன்னான். வீட்டில் பெண்பாலாக இருந்த மூவரையும் அழைத்து, ஆறு கால்களையும் சோதித்துப் பார்த்தோம். யாவும் நலமாக இருந்தன. பிறகுதான் கூடத்து நாற்காலியைப் பார்த்தோம். இளையவளுக்கு வேறு வகையான சிக்கல். அவள் இந்தி கற்றது பெரும்பாலும் அண்ணனிடம். தமிழில் ‘நான் போகிறேன்’ என்பதற்கு ஆண் பெண் வேற்றுமை இல்லை, இந்தியில் உண்டு. அண்ணன் எப்படிச் சொல்கிறானோ அப்படியே அவளும் ‘ஜாதா ஹூம்’ என்று ஆண்பிள்ளையாகவே போய்க்கொண்டிருந்தாள்.

இந்நிலையில் பாட்டிக்கும் வேலைக்கார அம்மையாருக்கும் இடையே துவிபாஷியாக நியமனம் பெற்றவன் மூத்தவன். ஊதியமின்றி இப்பதவியை ஏற்ற அவன், ஊதியத்தைத் தானே ஏற்பாடு செய்துகொண்டான். ‘மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுத்துக் குழந்தைகளிடம் கொடுத்துவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்’ என்பார் பாட்டி. அவன் திரும்பி, ‘மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுத்துக் குழந்தைகளிடம் கொடுக்கவேண்டுமாம்’ என்று இந்தியில் சொல்வான். ஒரு ‘வேண்டாம்’ போனால் என்ன குடி முழுகிவிடும்? டப்பாவில் இருந்த பொருள்விளங்கா உருண்டைகள் நான்கு நாள்களில் தீர்ந்தன. எங்களுள் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர் இதைக் கண்டுபிடித்தபோது, கோபத்தைக் காட்டிலும் பொறாமையே மிகுதியாக அடைந்தார். அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கையின் ஒரு சொல்லை மாற்றவும் மூன்று மேசைகளின் ஒப்புதல் வேண்டியிருக்கிறது.

இப்படிச் சென்றுகொண்டிருந்த காலத்தில்தான் இளையவளைப் பள்ளியில் சேர்த்தோம். மூன்று மாதம் கழித்து, பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை எங்களை அமரச் சொல்லி, குழந்தை வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று தெரிவித்தார். கேட்டால் பார்க்கிறாள், சொன்னதைச் செய்கிறாள், வாய் திறப்பதில்லை. ‘வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?’ என்று வினவினார். சொன்னோம். ‘அதுதான் காரணம். குழந்தைக்குக் குழப்பம். இனிமேல் வீட்டில் இந்தியோ ஆங்கிலமோ மட்டும் பேசுங்கள். தமிழைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள்’ என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. குழந்தையிடம் அன்புள்ளவராகவே காணப்பட்டார். அதனால்தான் அந்தச் சொல் எங்கள் மனத்தில் தைத்தது.

வீட்டில் ஓயாமல் பேசுபவள் பள்ளியில் பேசுவதில்லை என்பது எங்களுக்கு வியப்பாகவும் அச்சமாகவும் இருந்தது. அன்றிரவு இருவரும் கூடத்தில் அமர்ந்து தாழ்ந்த குரலில் ஆலோசித்தோம். டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நகரில் பள்ளிகளை நடத்துகிறது, தமிழ் கற்பிக்கிறது, அதில் சேர்த்திருக்கலாமே என்றார் ஒருவர். மற்றவர், பள்ளியை மாற்றுவது பிறகு இருக்கட்டும், முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார்.

மூன்றாம் வகை வீட்டில் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. பாட்டி உறங்கவில்லை.

மறுநாள் காலையில் வீடு வழக்கத்துக்கு மாறாக இருந்தது. இளையவள் சிந்தினாள், ‘அடி போக்கிரி’ என்ற குரல் எழவில்லை. மூத்தவன் முழக்கினான்; ‘காது போகிறது’ என்ற முறையீடு எழவில்லை. பாட்டி குழந்தைக்குத் தலை வாரினார், சோறு பிசைந்து ஊட்டினார், தூங்கவைத்தார். எல்லாம் சைகையிலேயே நடந்தன. கேட்டதற்கு, ‘எனக்கு இந்தி வராது. நான் பேசிக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ என்றார். பேசுவதற்கு என்றே ஊரிலிருந்து வந்தவர் அவர். தமிழ்நாடு விரைவு ரயிலில் 2,180 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 33 மணி நேரம், நடுப் படுக்கையில் பயணம் செய்து வந்தவர். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ‘டாக்டரைக் கேளுங்கள், அப்புறம் பேசுகிறேன்’ என்று முடித்துவிட்டார்.

இரண்டு நாள் இது நீடித்தது. வீட்டில் ஓசைக்குக் குறைவில்லை; எனினும் ஏதோ நின்றுபோயிற்று என்பது தெரிந்தது. இரண்டாம் நாள் மாலை இளையவள் பாட்டியின் எதிரில் வெகுநேரம் அமர்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பியை இழுத்துக்கொண்டு வந்தாள். அதன் முனையைப் பாட்டியின் உள்ளங்கையில் அழுத்தி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டி சற்று நேரம் அந்தக் கம்பியைப் பார்த்தார். ‘அடி போக்கிரி!’ என்றார். அவ்வளவுதான், இரண்டு நாள் பாக்கியையும் அன்றிரவே பேசித் தீர்த்துவிட்டார்கள் இருவரும்.

மருத்துவரிடம் மறுநாள் சென்றோம். காதைச் சோதித்தார்கள், குறையில்லை. மருத்துவர் குழந்தையோடு பேச முயன்றார், அவள் பேசவில்லை. பிறகு எங்களை அவளோடு பேசச் சொல்லிவிட்டுத் தாம் ஏதோ எழுதுவது போல் இருந்தார். அவள் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பற்றித் தமிழில் சில கருத்துகளைத் தாராளமாக வெளியிட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் நற்பேறு. அவர் சொன்னதன் சாரத்தை இங்கே தருகிறோம். இதே கவலையில் உள்ள பிற மாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும்.

ஒரு குழந்தை இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. ஒவ்வொரு மொழியிலும் அது அறிந்த சொற்கள் குறைவாகத் தோன்றலாம். எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணவேண்டும். ஒரே வாக்கியத்தில் மொழிகளைக் கலப்பது குழப்பத்தின் அடையாளம் அன்று. எந்தச் சொல் அருகில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. வீட்டில் ஒரு மொழி பேசிவந்த குழந்தை, வேறு மொழி வழங்கும் பள்ளிக்குப் புதிதாகப் போகும்போது, சில வாரங்களோ சில மாதங்களோ வாய் திறவாமல் கேட்டுக்கொண்டே இருப்பது அடிக்கடி காணப்படுவது. அந்தக் காலத்தில் அது சும்மா இருப்பதில்லை, சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால், இரண்டு வயது நிறைந்தும் எந்த மொழியிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும், முன்பு பேசிய சொற்களை இழந்துவரும் குழந்தையையும் தயங்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். பல மொழி கேட்பதால்தான் இப்படி என்று எண்ணிக் காத்திருக்கலாகாது. வீட்டில் பெற்றோருக்கு நன்றாக வரும் மொழியை நிறுத்திவிட்டு, அரைகுறையாக வரும் மொழியில் குழந்தையோடு பேசுவதால் குழந்தைக்கு நட்டமே.

இந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் பாட்டிக்கு வார்த்தை தவறாமல் மொழிபெயர்த்தோம். மூத்தவனிடம் விடவில்லை.

ஆசிரியையிடம் இதையெல்லாம் சென்று சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். தமிழை நிறுத்தப்போவதில்லை என்றோம். சரி, பார்ப்போம் என்றார். அதன்பின் சில மாதங்கள் வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். நாள்தோறும் மாலையில் ‘இன்று பேசினாயா?’ என்று கேட்கும் ஆவலை அடக்கிக்கொள்வது, பூட்ஸ் தேடுவதைவிடக் கடினமாக இருந்தது. அவள் என்னவோ கவலையின்றி இருந்தாள். அலுவலக நகல் ஒன்றில் எல்லாப் பத்திகளுக்கும் மீசை வரைந்தாள். குரங்குக்கு இட்டிலி கொடுக்க முயன்றாள். பெரியவர்களை ‘நீங்கள்’ என்று சொல்லவேண்டும் எனப் பாட்டி கற்பித்திருந்ததால், அந்தப் பெரிய குரங்கைப் பார்த்து, ‘நீங்க சாப்பிடுங்க’ என்றாள். ‘குரங்குக்கு எதற்கடி நீங்க?’ என்று அண்ணன் அதட்டினான். ஆஞ்சநேயர் வடிவம்தானே, சொன்னால் தவறில்லை என்று பாட்டி தீர்ப்பளித்தார்.

ஹோலிப் பண்டிகை கழிந்த வாரத்தில் ஒருநாள் பள்ளிக் குறிப்பேட்டில் ஆசிரியை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தார். எங்களுக்கு முன்னதாக அதைக் கைப்பற்றி எழுத்துக்கூட்டிப் படித்தவன் மூத்தவன். குழந்தை வகுப்பு முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறாள். பிற குழந்தைகளின் வேலையும் கெடுகிறது. வீட்டில் கண்டித்துவைக்கவும் என்பது அதன் பொருள்.

‘என்னடா எழுதியிருக்கிறார்கள்?’ என்று சமையலறையிலிருந்து பாட்டி கேட்டார்.

அவன் தங்கையைப் பார்த்தான். மேல் தட்டைப் பார்த்தான். ‘ரொம்ப நல்லாப் பேசறாளாம், பாட்டி. வீட்டுல ரெண்டு பேருக்கும் ஏதாவது குடுக்கணுமாம்’ என்றான்.

பாட்டி கையைத் துடைத்துக்கொண்டு, டப்பாவை எடுக்க ஸ்டூலை இழுத்தார். நாங்கள் திருத்தம் எதுவும் செய்யவில்லை.